பாம்புக்கு ரிவால்வரா?

நியூ டவுனில் அடுக்குமாடிகள் முளைக்கும் முன் வயலும் சதுப்பும்தான். மழை வந்தால் பழைய குடித்தனக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். பாம்புகளைத்தான் சொல்கிறேன்!

போன ஆடியில் கார் நிறுத்துமிடத்தில் ஒன்று. தங்கமணி போட்ட அலறலில் மேல்மாடி தாதா ஓடி வந்தார். லைசென்ஸோடு .32 ரிவால்வர் வைத்திருப்பவர். "குண்டை எடுத்துவிட்டு ரவை நிரப்பிய தோட்டா ரெண்டு நானே செய்து வைத்திருக்கிறேன், கொண்டு வரவா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. சின்ன வயதில் எங்கள் ஊரில் நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கியில் மருந்தும் ரவையும் திணிப்பதை வாய் பிளந்து பார்த்தவன் நான். ஆனால் அது வழவழ குழல். ரிவால்வர் குழலுக்குள் மரை மாதிரி வரிகள் உண்டு. ஒற்றைக் குண்டைச் சுழற்றி நேராக அனுப்ப அது. ரவை சுழன்றால் சிதறும். அமெரிக்காவில் கம்பெனியே ரவைத் தோட்டா விற்கிறது, அதுவும் சில அடி தூரத்துக்குத்தான். இங்கே கீழே சிமெண்ட் தரை, பட்டால் எகிறும். என் பையன் ஸ்கூட்டருக்குப் பின்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்!

"தாதா, 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனி லைசென்ஸ் வேண்டும். பேங்கில் கணக்கு இருக்கிறது என்று வீட்டில் நோட்டு அடிக்கலாமா?" என்றேன்.

வாட்ச்மேன் வந்து பார்த்துச் சிரித்தார். டோரா ஷாப்பாம். நம்மூர் தண்ணீர்ப்பாம்பு, விஷமில்லை. வாளியில் பிடித்துக் கால்வாயில் விட்டார்.

தாதா இன்னும் என்னோடு பேசுவதில்லை.