இரட்டிப்புக் கணக்கு

பூண்டு அறுவடை நேரத்தில் என் தங்கையுடன் பள்ளங்கி வந்த மைத்துனர், நோட்டுப் புத்தகம் ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். குதிரைப் பந்தயத்தில் தோற்கும்போதெல்லாம் பணயத்தை இரட்டிப்பாக்க வேண்டுமாம். ஒரே வெற்றி இழந்ததையெல்லாம் மீட்டு, நூறு ரூபாய் லாபமும் தருமாம். தங்கையின் வளையல்களை விற்று 50,000 ரூபாய் முதல் திரட்டுவது அவர் திட்டம்.

"பந்தயம் திறமை விளையாட்டு என்று 1996-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது மச்சான்" என்றார்.

நபி (ஸல்) அவர்கள் குதிரைகளை ஓடவிட்டுப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். ஓடுவதைப் பார்த்துப் பணம் கட்டுவதுதான் மைஸிர். இதை என்னிடம் அவர் பலமுறை கேட்டவர். ஆகவே, கலைப் பட்டதாரியான நான் கணக்கில் புலியல்லன் என்றாலும், அவர் வழியிலேயே சோதித்துப் பார்ப்போம் என்றேன்.

இஷாவுக்குப் பின் அமர்ந்தோம். பீன்ஸ் விதை ஒன்று நூறு ரூபாய். அவர் முன் 500 விதைகள். குறித்து வைத்திருந்த பழைய முடிவுகளை வரிசையாக வாசித்தார். வென்றால் கட்டிய அளவே லாபம் என்று வைத்துக்கொண்டோம். (உண்மையில் கிளப்பும் அரசும் தம் பங்கை எடுத்தபின் மிஞ்சுவதே பகிரப்படுகிறது.) ஆறு முறை வென்றார், முகம் மலர்ந்தது. பிறகு தொடர்ந்து எட்டுத் தோல்விகள். 100, 200, 400 என ஏறி 12,800 வரை, கூட்டினால் 25,500. ஒன்பதாவதற்குத் தேவை 25,600, கையிருப்போ 25,100. அதை வென்றிருந்தாலும் லாபம் அதே நூறுதான்.

"ஐம்பதில் தொடங்கினால்?" என்றார் மெல்ல.

"இன்னும் ஒரு தோல்வியைத் தாங்கும் மச்சான், அவ்வளவே."

மறுபடியும் எண்ண முனைந்தார். காலையில் ஊன்ற வேண்டுமென்று, வளையல்கள் ஒலிக்கத் தங்கை விதைகளைச் சுளகில் வாரிக்கொண்டு போனாள்.