9.8 வந்தவனிடம் ஒரு கேள்வி

கல்லூரியில் இயற்பியல் எடுத்தவர்கள் தனி ஊசலை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு தாங்கி, ஒரு நூல், நுனியில் பித்தளைக் குண்டு, கையில் ஸ்டாப் கிளாக். இருபது அலைவுக்கு ஆகும் நேரத்தைக் குறித்து, நூலின் நீளத்தை மாற்றி மாற்றி மறுபடி குறித்து, கடைசியில் புவியீர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும். விடை என்ன வர வேண்டும் என்பது சோதனையைத் தொடங்கும் முன்பே எல்லாருக்கும் தெரியும். 9.8. அது தெரிந்திருப்பதுதான் தொல்லை.

10.8 வந்தவன் வாடிய முகத்தோடு என் மேசைக்கு வருவான். "சார், வேல்யூ வரல." "எப்படி எண்ணினே? எண்ணிக் காட்டு" என்பேன். குண்டைக் கையிலிருந்து விட்டதுமே "ஒண்ணு" என்பான். அங்கேயே பிடிபட்டுவிடும். விடும்போது பூஜ்யம், போய்த் திரும்பி வந்தால்தான் ஒன்று. அவன் இருபது என்று கிளாக்கை நிறுத்தியபோது ஊசல் பத்தொன்பது தடவைதான் ஆடியிருக்கிறது. திருத்திப் போட்டால் விடை 9.8 பக்கத்தில் வந்து நிற்கும். பையன் சிரித்துக்கொண்டே போவான்.

9.8 வந்தவனோ நோட்டை நேராகக் கையெழுத்துக்கு நீட்டுவான். பெரும்பாலும் கையெழுத்தும் கிடைத்துவிடும். எப்படி எண்ணினாய் என்று அவனை யாரும் கேட்பதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. அவனும் "ஒண்ணு" என்றே தொடங்கியிருக்கலாம். நீளத்தைக் குண்டின் மையம் வரை அளக்காமல் முடிச்சோடு நிறுத்தியிருக்கலாம். முதல் தவறு விடையை ஏற்றும், இரண்டாவது இறக்கும். இரண்டு தவறும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு அழகான விடையாக வந்து உட்கார்ந்துவிடலாம். போன வருஷத்து சீனியரின் ரெக்கார்டு நோட்டு கைகொடுத்திருக்கலாம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாடப்புத்தகத்தில் இருக்கிற 9.81 நம் ஊருக்கு உரிய எண்ணே அல்ல. பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும் நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதாலும் இந்த மதிப்பு துருவத்தில் அதிகம், நிலநடுக்கோட்டில் குறைவு. புத்தக எண் 45 பாகை அட்சரேகையை ஒட்டியது. தஞ்சாவூர் இருக்கும் 11 பாகைப் பக்கத்தில் 9.78தான். ஸ்டாப் கிளாக்கை வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது, அது வேறு விஷயம். ஆனாலும் 9.78 வந்த மாணவி ரப்பரை எடுத்து அழித்து 9.81 ஆக்குவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

மாணவர்கள் மட்டும் செய்கிற காரியம் அல்ல இது. எலக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்தவர் மில்லிகன். 1913இல் அவர் வெளியிட்ட எண் இன்றைய அலகில் 1.592, இன்று நமக்குத் தெரிந்த மதிப்பு 1.602. காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சற்றே தவறாக இருந்ததுதான் காரணம். பிறகு அளந்தவர்கள் ஒரே பாய்ச்சலில் சரியான எண்ணுக்குப் போயிருக்கலாம். அப்படிப் போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் போனார்கள் என்று ரிச்சர்ட் ஃபைன்மன் 1974இல் கால்டெக் பட்டமளிப்பு விழாவில் சொன்னார். மில்லிகனின் எண்ணைவிட ரொம்ப அதிகமாக வந்தால் எங்கே தப்பு என்று துருவித் தேடினார்கள்; நெருங்கி வந்தபோது அவ்வளவாகத் தேடவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. பிடிக்காத விடையை மட்டும் விசாரித்தார்கள், அவ்வளவே.

இப்போது எல்லாப் பாடத்திட்டத்திலும் 'விமர்சனச் சிந்தனை' வந்துவிட்டது. பயிற்சியாளர்கள் ஸ்லைடு போட்டு நடத்துகிறார்கள். எதையும் கேள்வி கேள், ஆதாரம் கேள், அப்படியே நம்பாதே. தப்பான பாடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வகுப்பிலிருந்து வெளியே வருகிற கெட்டிக்காரப் பையன்கள் பலரைக் கவனித்திருக்கிறேன். எதிர்க்கட்சிக்காரர் பேச்சில் ஓட்டையைக் கண்டுபிடிப்பார்கள், தங்கள் கட்சிக்காரர் பேச்சைக் கைதட்டிக் கேட்பார்கள். அடுத்தவன் சாதிப் பெருமையைக் கேலி செய்வார்கள். தங்கள் குலதெய்வக் கதையில் கை வைத்தால் முகம் சிவக்கும். மூளைக் கூர்மையில் ஒரு குறையும் இல்லை. வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருக்கிறார்கள், அதுதான் கோளாறு. கூர்மை கூடக்கூட இந்தக் கோளாறும் கூடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கெட்டிக்காரனால்தானே தனக்குப் பிடித்ததற்கு நல்ல நல்ல காரணமாகக் கண்டுபிடிக்க முடியும்!

இந்தக் கோளாறைக் காட்ட வகுப்பறையைவிட நல்ல இடம் தஞ்சைப் பெரிய கோயில் பிராகாரம். மாணவர்களை அங்கே அழைத்துப் போகும்போதெல்லாம் சாயங்காலமாகப் பார்த்துத்தான் போவேன். கோபுர நிழல் தரையில் விழாது என்ற கதையைத் தெரியாத பிள்ளையே கிடையாது. ஆரம்பப் பள்ளியில் கேட்டிருப்பார்கள், வாட்ஸப்பில் வந்திருக்கும், மேடையில் யாராவது குரலை உயர்த்திச் சொல்லியிருப்பார்கள். அதைச் சொல்லிக்கொண்டே அந்த நிழலுக்குள்தான் உட்கார்ந்திருப்பார்கள். வெயில் மேற்கே சாய்ந்திருக்கும். விமானத்தின் நிழல் கிழக்குப் பக்கத்துக் கல்தளத்தில் பாய் விரித்த மாதிரி கிடக்கும். அந்தக் கல் மட்டும் கால் சுடாது என்பதால் எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள். "நீங்க உட்கார்ந்திருக்கிறது எதோட நிழல்?" என்று கேட்டால் தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

அதன் பிறகு நடப்பதுதான் முக்கியம். ஒரு கூட்டத்துக்குக் கோபம் வரும். "தமிழன் பெருமையைக் குறைக்கிறீங்களா சார்?" இன்னொரு கூட்டத்துக்கு ஒரே குஷி. "எல்லாமே கட்டுக்கதைதான் சார், நான் அப்பவே சொன்னேன்." இரண்டாவது கூட்டத்தைத்தான் பகுத்தறிவுள்ளது என்று நாம் பாராட்டிவிடுகிறோம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். பெருமைக்காரன் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. குஷிக்காரன் ஒரு தடவை பார்த்ததோடு கடையைக் கட்டிவிட்டான்.

ஒரு வருஷம் வந்த பெண் ஒருத்தி மட்டும் இரண்டு கூட்டத்திலும் சேரவில்லை. "அப்படின்னா எப்படி சார் இந்தக் கதை வந்துச்சு? எப்பவாவது விழாம இருந்திருக்குமோ?" என்றாள். தரையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். விமானத்தின் உயரம் 216 அடி என்பார்கள். அடித்தளம் ஏறக்குறைய 100 அடிச் சதுரம். அதாவது நடுவிலிருந்து ஓரத்துக்கு 50 அடி. சூரியன் உச்சியிலிருந்து 13 பாகைக்குள் நின்றால் சிகரத்தின் நிழல் அந்த 50 அடியைத் தாண்டாது, கட்டடத்தின் மேலேயே விழுந்துவிடும். தஞ்சாவூரில் பங்குனி முதல் புரட்டாசி வரை, ஏறத்தாழ அரை வருஷத்துக்கு, நடுப்பகலில் சூரியன் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. சித்திரை தொடக்கத்தில் நேர் உச்சிக்கே வருகிறது. சித்திரை மாத உச்சி வேளையில் வந்து பார்த்த எவரோ சொன்னது பொய்யல்ல. 'எப்போதும்' என்ற சொல்லை யாரோ பிற்பாடு சேர்த்திருக்கலாம். கதை இப்படித்தான் பிறந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. தவறு என்று தெரிந்த பிறகும் அந்தத் தவறுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற பொறுமை அவளுக்கு இருந்தது. நடுநிலை என்ற சொல்லுக்கு என் அகராதியில் அதுதான் பொருள். 'இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது' என்று நழுவுவதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. நிழல் விஷயத்தில் இரு தரப்பிலும் நியாயம் இல்லை. நிழல் விழுகிறது.

பெருமை போய்விட்டதே என்று வருந்திய பையன்களைக் கோயில் கல்வெட்டுகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். ராஜராஜன் கோயிலுக்கு அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். பங்குக்கு 100 கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சம்பளப் பட்டியல் கையெட்டும் உயரத்தில் இருக்கும்போது, பொய் நிழலுக்கு இவ்வளவு சண்டை எதற்கு? பையன்களில் ஒருவன் எழுத்துக்கூட்டிப் பார்த்தான். இரண்டு மூன்று எழுத்துக்கு மேல் ஓடவில்லை. ஆனாலும் நகரவில்லை.

எதிராளியின் பேச்சை ஒழுங்காகக் கேட்டுச் சொல்வது நமக்குப் புதிய சரக்கல்ல. மணிமேகலை வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய், உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். இளம்பெண்ணாகப் போனால் மதித்துச் சொல்ல மாட்டார்கள் என்று தவசி வேடத்தில் போகிறாள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரை எழுதியபோது, தன் சித்தாந்தத்தைச் சுபக்கத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, முதலில் பரபக்கம் எழுதினார். உலகாயதன், பௌத்தன், ஆசீவகன், மாயாவாதி என்று வரிசையாக அவரவர் கொள்கையைச் சொல்லி, பிறகு மறுக்கிறார். மறுப்பதற்காகத்தான் சொல்கிறார், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் மறுப்பதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும் என்ற முறை அந்த நூலின் எலும்புக்கூட்டிலேயே இருக்கிறது.

நீலகேசியின் கதை இன்னும் விசித்திரமானது. குண்டலகேசி என்ற பௌத்த காப்பியத்துக்கு மறுப்பாகச் சமணர் ஒருவர் எழுதியது அது. காலத்தின் கூத்து, குண்டலகேசி சில பாடல்கள் தவிர அழிந்துபோயிற்று. நீலகேசி தங்கிவிட்டது. குண்டலகேசிக்காரர்கள் என்ன வாதாடினார்கள் என்று தெரிந்துகொள்ள இன்று நாம் எதிரியின் வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. அவர்கள் வாதம் நீலகேசியில் முழுப் பலத்தோடு இருக்கிறதா, இளைத்துப் போயிருக்கிறதா, ஒத்துப் பார்க்க மூலம் கையில் இல்லை.

நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி இதிலிருந்து எடுத்ததுதான். எங்கள் கல்லூரித் தமிழ்மன்றத்தில் பட்டிமன்றத்துக்குத் தயார் செய்யும் பொறுப்பு, இயற்பியல்காரனான என் தலையில் எப்படியோ விழுந்துவிட்டது. பேச வருகிறவர்களிடம் சொல்வேன்: "எதிரணி பேச்சு முழுக்க அழிஞ்சு போச்சு, உன் நோட்டு மட்டும்தான் மிஞ்சியிருக்குன்னு வச்சுக்கோ. அதைப் படிக்கிறவங்களுக்கு அவங்க தரப்பு சரியாத் தெரியணும். அப்படி ஒரு பக்கம் எழுது." எழுதியதை எதிரணிப் பேச்சாளரிடமே காட்ட வேண்டும். 'ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்' என்று அவர் ஒத்துக்கொண்டால்தான் மறுப்பு எழுத உட்காரலாம். முதல் தடவை எழுதும்போது எல்லாரும் எதிரணியை முட்டாளாக்கித்தான் எழுதுவார்கள். திருப்பிக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார்கள். பத்துப் பேரில் பாதிப்பேர் அத்தோடு கவிதைப் போட்டிக்கு ஓடிவிடுவார்கள்.

ஒருமுறை தலைப்பு, எல்லாருக்கும் தெரிந்த பழைய தலைப்புதான்: நெஞ்சில் நிற்பவன் கும்பகர்ணனா, வீடணனா? கும்பகர்ணன் பக்கம் பேச வந்தவள் இரண்டாமாண்டு கணிதம். செஞ்சோற்றுக் கடன், அண்ணனை விட்டுப் போகாத பாசம், தோல்வி தெரிந்தே களத்துக்குப் போன வீரம் என்று கட்டுக்கட்டாக வைத்திருந்தாள். வீடணன் தரப்பை எழுதச் சொன்னபோது முதலில் வந்தது இரண்டே வரி: அரசுக்கு ஆசைப்பட்டான், காட்டிக்கொடுத்தான். திருப்பிக் கொடுத்தேன். ராத்திரி உட்கார்ந்து மறுபடி எழுதினாள். இராவணனுக்குத் திரும்பத் திரும்ப அறிவுரை சொன்னதும், அவமானப்பட்டு வெளியேறியதும் வந்திருந்தன. எதிரணிப் பையனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் படித்துவிட்டு, "ஒண்ணு விட்டுட்டீங்க அக்கா" என்று பென்சிலால் அடியில் எழுதிக் கொடுத்தான். போர்க்களத்தில் வீடணன் வந்து அழைத்தபோது கும்பகர்ணன் மறுத்தானே தவிர, தம்பியைத் துரோகி என்று தள்ளவில்லை. நீ இராமனோடு இரு, எங்களுக்கு நீர்க்கடன் செய்ய நீயாவது வேண்டும் என்றுதானே அனுப்பி வைத்தான்? கும்பகர்ணனே குறை சொல்லாதவனை நீங்கள் எப்படிக் குறை சொல்வீர்கள்?

அந்தக் காகிதத்தோடு அவள் என்னிடம் வந்து வெகுநேரம் நின்றாள். கம்பனைப் புரட்டிப் பார்த்தோம். அவன் சொன்னது சரிதான். மேடையில் அதற்கு அவள் ஒரு பதில் வைத்திருந்தாள், மோசமில்லாத பதில்: தன் வழியில் வராத தம்பியையும் பழிக்காமல் விடுகிற அந்தப் பெரிய மனசுதான் கும்பகர்ணனை நெஞ்சில் நிறுத்துகிறது என்றாள். கைதட்டல் நிறைய வந்தது. ஆனால் வீடணனைத் துரோகி என்று போட்டுத் தாக்கும் பகுதியை, தயார் செய்ததிலேயே சூடான பகுதியை, அவளே வெட்டியிருந்தாள். பேச்சு அந்த இடத்தில் தணிந்துதான் போயிற்று. நடுவர் வீடணன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

இறங்கி வந்தவள் கேட்டாள்: "அவன்கிட்ட காட்டாம இருந்திருந்தா ஜெயிச்சிருப்பேன்ல சார்?"

"ஜெயிச்சிருப்பேம்மா" என்றேன்.

"அடுத்த தடவை என்னை வீடணன் பக்கம் போடுங்க" என்று சொல்லிவிட்டு, பென்சிலில் எழுதிக் கொடுத்த பையனைத் தேடிக்கொண்டு கேன்டீன் பக்கம் போனாள்.