அண்ணனின் ஓவியமும் அண்ணியின் கேள்வியும்



ஓவியம் வரைவது கூடுமா என்ற கேள்வி மதரஸாவில் எனக்குப் புதிதன்று. பெரும்பாலும் தாய்மார்களே கேட்பார்கள். பள்ளியில் பிள்ளைக்கு மயில் வரைந்துவரச் சொல்லியிருப்பார்கள். சென்ற ஆண்டு பக்ரீதுக்குப் பின் அதே கேள்வி என் சொந்த வீட்டிலிருந்து வந்தது. கேட்டவர் என் அண்ணி. கேள்விக்குரியவர் 52 வயதான என் அண்ணன்.

அண்ணன் கட்டட வரைவாளர். ஐ.டி.ஐ. முடித்த நாளிலிருந்து இதுவே அவருடைய தொழில். தொடக்கத்தில் சாய்மேசை, டி-ஸ்கொயர், டிரேசிங் தாள், மைப்பேனா, பிறகு ஆட்டோகேட். எங்கள் அத்தா ஓரிக்கைப் போக்குவரத்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர், அளவு பிசகினால் பொறுக்காத மனிதர். அந்தக் குணம் அப்படியே அண்ணனுக்கு இறங்கியிருக்கிறது. அவர் மொட்டைமாடி அறையில் அக்ரிலிக் வண்ணங்களை வாங்கி அடுக்கிக்கொண்டு, இன்னதென்று சொல்ல முடியாத பட்டைகளையும் கட்டங்களையும் கித்தானில் தீட்டத் தொடங்கியபோது வீட்டில் எவரும் பெரிதுபடுத்தவில்லை. "வேலையை விட்டுவிட்டு இதையே செய்யப்போகிறேன்" என்று அவர் சொன்ன அன்றுதான் வீடு கலங்கியது. வீட்டுக்கடனில் இரண்டு ஆண்டுத் தவணை பாக்கியிருந்தது. இளைய மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி என்னைத் தனியே அழைத்தார். "நீ ஓதிக் கொடுக்கிறவ. நீ சொன்னா உங்க அண்ணன் கேப்பாரு. படம் வரையிறது ஹராமுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடும்மா, போதும்" என்றார்.

அவருடைய அச்சம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் சொல்ல இயலாது. இது ஹலால், இது ஹராம் என்று நாவுக்கு வந்தபடி பொய்யாகச் சொல்லக்கூடாதென்று அந்நஹ்ல் அத்தியாயத்தின் 116ஆம் வசனம் எச்சரிக்கிறது. வீட்டுச் செலவுக் கணக்கைச் சரிசெய்வதற்காக மார்க்கத் தீர்ப்பைக் கடன் வாங்குவதை என் ஆசிரியர்கள் எனக்குக் கற்பிக்கவில்லை. "அண்ணி, நீங்கள் கேட்பது இரண்டு கேள்விகள். வரைவது கூடுமா என்பது ஒன்று. வேலையை விடுவது சரியா என்பது வேறு" என்றேன். அவருக்கு அது திருப்தியளிக்கவில்லை.

முதல் கேள்விக்கு ஸஹீஹ் புகாரியில் ஓர் அறிவிப்பு உண்டு. உருவங்கள் செய்து பிழைக்கும் ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்கிறார். உருவம் சமைப்போருக்கான எச்சரிக்கையை அவர்கள் எடுத்துரைக்க, வந்தவரின் முகம் வெளிறிவிடுகிறது. அதைக் கண்ட இப்னு அப்பாஸ் (ரலி), செய்தே ஆக வேண்டுமென்றால் மரத்தையும் உயிரற்றவற்றையும் செய்துகொள் என்று வழிகாட்டுகிறார்கள். இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த வெளிறிய முகத்தில் நான் சற்று நின்றுவிடுவேன். ஒருவருடைய கைத்தொழில் என்பது அவருடைய உயிரோடு ஒட்டியது என்பதை அந்த நபித்தோழர் அறிந்திருந்தார்கள். நிழற்படம், சிறுவர் சித்திரம் ஆகியவற்றில் இன்றைய உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் இங்கே நுழையவில்லை. அண்ணனின் கித்தானில் மனிதனும் இல்லை, பறவையும் இல்லை. நிறமும் கோடும் மட்டுமே. கலை இதழ்கள் இதை அரூப ஓவியம் என்கின்றன.

"அப்படியென்றால் அதில் என்னதான் இருக்கிறது?" என்பது அண்ணியின் அடுத்த கேள்வி. நம்மில் பலரும் இதைக் கேட்பார்கள். நானும் அண்ணனிடம் கேட்டேன். "இத்தனை வருஷமா நான் போட்ட ஒவ்வொரு கோடும் சுவராவோ உத்தரமாவோ சாக்கடையாவோ இருந்தாகணும். ஒரு கோடு கோடாவே இருந்தா எப்படி இருக்கும்னு பார்க்கணும்மா" என்றார்.

இதில் நமக்கு அந்நியமானது எதுவும் இல்லை. மதரஸாவில் பிள்ளைகளுக்கு அலிஃப் எழுதக் கற்றுத்தருகிறோம். அந்த எழுத்துக்கு அளவு வகுத்துத் தந்தவராக வரலாறு குறிப்பிடும் இப்னு முக்லா, பக்தாதில் அப்பாஸியக் கலீபாக்கள் மூவரிடம் அமைச்சராக இருந்தவர், பொ.ஆ. 940இல் இறந்தார். பேனா முனையைத் தாளில் பதித்தால் விழும் சாய்சதுரப் புள்ளியே அவருடைய அளவுகோல். அலிஃபின் உயரம் இத்தனை புள்ளி, அந்த அலிஃபையே விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் மற்ற எழுத்துகளின் வளைவு என்று ஒரு பொறியாளரைப் போலக் கணக்கிட்டார். அரசாங்கக் கோப்புகளைப் பார்த்த கை அது. கிரானடாவின் அல்ஹம்ரா அரண்மனையில் ஓடுகளைப் பதித்தவர்களும் கவராயத்தையும் அளவுகோலையும் கொண்டே அந்த முடிவற்ற நட்சத்திரக் கோலங்களை அமைத்தார்கள்.

அவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. காஞ்சிபுரத்துப் பட்டில் மயிலும் அன்னமும் மட்டுமா இருக்கின்றன? வைரஊசி என்று மெல்லிய கோடுகள், கொட்டடி என்று கட்டங்கள், பாலும் பழமும் என்று இரு நிறத்துச் சிறு கட்டங்கள். இவற்றில் பாலும் இல்லை, பழமும் இல்லை, ஊசியும் இல்லை. இது என்ன படம் என்று எந்த மணப்பெண்ணும் கேட்பதில்லை, விலையைத்தான் கேட்கிறார்கள். ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை அடிப்பதற்கு முன், கிராப் தாளில் ஒவ்வொரு சதுரமாக நிறமிட்டு நிரப்பும் டிசைன்காரரும் ஒரு வரைவாளர்தான். எங்கள் தெருவில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த அண்ணனின் கண்ணில் இவை படியாமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

இரண்டாவது கேள்விக்கு அண்ணனே ஒரு பெயரை முன்வைத்தார்: அச்சுதன் கூடல்லூர். பாலக்காடு மாவட்டத்தில் பாரதப்புழைக் கரையிலுள்ள கூடல்லூரில் 1945இல் பிறந்தவர். சிவில் பொறியியல் படித்து, சென்னைக்கு வந்து, தமிழ்நாடு பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். மலையாளத்தில் சிறுகதைகளும் எழுதினார். ஓவியக் கல்லூரியில் முழுநேர மாணவராகப் படித்தவரல்லர். அரசு கவின்கலைக் கல்லூரி வளாகத்தில் மாலை வேளைகளில் கூடிய மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் பயின்றார். முதலில் உருவங்களை வரைந்தார். பின்னர் உருவம் கழன்றுபோக நிறமே ஓவியமாக நின்றது. 1988இல் தேசிய விருது பெற்றார். 2022 ஜூலையில் சென்னையில் காலமாகும்வரை அரூப ஓவியராகவே அறியப்பட்டார்.

"பார்த்தியா, இவரும் சிவில்தான்" என்றார் அண்ணன்.

"பார்த்தேன் அண்ணே. மாலை வேளையில் என்று போட்டிருக்கிறதே, அதையும் பார்த்தேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் நிறுவிய கே.சி.எஸ். பணிக்கரும் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, அதைத் துறந்து ஓவியப் பள்ளியில் சேர்ந்தவரே. எழுத்துபோலத் தோன்றும் வடிவங்களையும் கணிதக் குறிகளையும் கொண்டு பிற்காலத்தில் அவர் தீட்டிய வரிசை புகழ்பெற்றது. ஆனால் அவர் வேலையை விட்டது இருபதுகளில். 52 வயதில், தவணையோடு இருப்பவருக்கு அது முன்மாதிரியாகாது என்பது என் கருத்து. அண்ணனிடமும் அதைச் சொன்னேன்.

ஸல்மான் (ரலி), அபுத்தர்தா (ரலி) இருவருக்கும் இடையே நடந்ததை நாம் அறிவோம். இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பிருந்தவரிடம், உன் இறைவனுக்கும் உனக்கும் உன் குடும்பத்துக்கும் உன்மீது உரிமை உண்டு என்று ஸல்மான் (ரலி) நினைவூட்ட, நபி (ஸல்) அவர்கள் அதை மெய்ப்படுத்தினார்கள். வணக்கத்துக்கே இந்த அளவுகோல் என்றால் வண்ணத்துக்கு விலக்கு இல்லை. ஆனால் அந்த மூன்று உரிமைகளில் "உனக்கும்" என்பதும் இருக்கிறது. அண்ணியிடம் அதைத்தான் சொன்னேன்; குடும்பத்துக்காக முப்பதாண்டு கோடு போட்டவருக்கு ஃபஜ்ருக்குப் பின் இரண்டு மணி நேரம் மிகையல்ல என்றேன். அண்ணி உடனே ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, "வண்ணத்துக்கு மாசம் எவ்வளவுன்னு முன்கூட்டியே சொல்லிடச் சொல்லு" என்றார். சொல்லப்பட்டது. தவணை முடியும்வரை அண்ணன் வேலையில் தொடர்கிறார்.

இடையில் ஒரு சிறு சிக்கல். தமக்கு மிகவும் பிடித்த, செம்மண் நிறமும் ஒரு துளி நீலமும் கொண்ட ஓவியத்தை அண்ணன் கூடத்தில் கிப்லாச் சுவரில் மாட்டினார். அதை மட்டும் நான் தடுத்தேன். நபி (ஸல்) அவர்கள் வேலைப்பாடுள்ள போர்வையொன்றை அணிந்து தொழுதபோது அதன் கோலம் கவனத்தை ஈர்த்ததால், அதை அபூ ஜஹ்மிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவருடைய சாதாரணப் போர்வையை வாங்கிவரச் சொன்னார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். அந்தப் போர்வையிலும் உயிருள்ள உருவம் இருந்ததாக அறிவிப்பில் இல்லை. அழகாக இருந்தது, அவ்வளவே. அண்ணன் மறு பேச்சில்லாமல் ஆணியைப் பிடுங்கினார். "கண்ணை இழுக்குதுன்னா நல்லாத்தான் வந்திருக்கு" என்று அவர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.

ஓவியம் இப்போது மாடிப்படித் திருப்பத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் வீடு பெருக்கும்போது அண்ணியே அதைத் தூசு தட்டுகிறார். தவணை முடிய இன்னும் 14 மாதங்கள் இருக்கின்றன.