மூன்று தலைமுறைக்கு ஒரே ஆசிரியை

உடுவிலில் ஒரு காலத்தில் பாட்டிக்கும் மகளுக்கும் பேத்திக்கும் ஒருவரே பாடம் சொல்லிக் கொடுத்தார். எலைசா அக்னியூ என்ற அந்த அமெரிக்கப் பெண் 1840 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 32. 1879 வரை உடுவில் பெண்கள் பாடசாலையில் கற்பித்தார். 1883 இல் மானிப்பாயில் கண்மூடினார். அந்த 43 வருடத்தில் ஒரு தடவைகூட அவர் பிறந்த மண்ணுக்குத் திரும்பிப் போகவில்லை.

நான் படித்த பள்ளிக்கூடம் அது. படிக்கிற காலத்தில் அவருடைய பெயரை ஸ்தாபகர் தினப் பேச்சுகளில் கேட்டதோடு சரி. ஊரை விட்டு வந்து, கலியாணம் கட்டி, கண்டக்குழிக் கடற்கரையில் வாழத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னைப் பிடித்துக்கொண்டது. ஊரை விட்டு வந்தவள் இன்னொருத்தியைத் தேடிப் போவது இயல்புதானே.

கண்டக்குழி கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஒரு குடாநாட்டில் பிறந்து இன்னொரு குடாநாட்டுக்கு வாழ வந்தேன். இங்கேயும் கிணற்றுத் தண்ணீரை நம்பி வெங்காயம் போடுகிறார்கள். இங்கேயும் காற்றின் பெயரைச் சொல்லித்தான் மாதத்தைக் கணக்கிடுகிறார்கள். சோளகம் எழும்பினால் மேற்குக் கடல் கலங்கிவிடும், போட்டுகள் கரையேறிவிடும். அதன்பிறகு சிலர் களப்புப் பக்கம் போவார்கள், சிலர் கிழக்குக் கரைக்கு வாடி போட்டுத் தொழில் செய்யப் போவார்கள். ஓகஸ்ட் பிறந்தால் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் சனம் வந்து கூடாரம் அடிக்கும். எனக்கு அன்பான ஊர். என் பிள்ளைகளுக்கு இதுதான் ஊர். ஆனாலும் செம்மண் இல்லை. உடுவிலில் வெள்ளைச் சட்டையின் விளிம்பில் செம்மண் ஏறினால் எத்தனை தரம் அலசினாலும் ஒரு மங்கல் நிறம் மிஞ்சும். இந்தக் கடற்கரை மணல் உதறினால் போய்விடுகிறது.

அக்னியூ நியூயோர்க் நகரத்தில் 1807 இல் பிறந்தவர். எட்டு வயதில், பூகோள வகுப்பில், ஆசிரியர் தேசப்படத்தில் மொரீசியஸ் தீவைத் தொட்டுக் காட்டி, ஹரியற் நியூவெல் அடக்கமான இடம் இதுதான் என்று சொன்னாராம். ஹரியற் நியூவெல் அமெரிக்காவிலிருந்து முதன்முதலில் கிழக்கே புறப்பட்ட மிஷனரிகளோடு வந்து, 1812 இல், 19 வயதில், அந்தத் தீவில் இறந்துபோன இளம் மனைவி. அன்றைக்கே தானும் மிஷனரியாகப் போவதென்று அந்தச் சிறுமி முடிவு செய்துவிட்டாள். ஆனால் புறப்படவில்லை. தாய் தகப்பனுக்குத் துணை தேவைப்பட்டவரை வீட்டிலே இருந்தாள். அவர்கள் காலமான பிறகுதான் 1839 இல் கப்பல் ஏறினாள். எட்டு வயதில் எடுத்த முடிவை முப்பது கடந்தும் மாற்றாத அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புத்தான்.

அவர் வந்த பள்ளிக்கூடம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1816 இல் அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823 இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கு செமினரி திறந்தார்கள். அடுத்த வருடமே, 1824 இல், உடுவிலில் பெண்களுக்கு ஒரு விடுதிப் பாடசாலை. முதலில் அதை நடத்தியவர் ஹரியற் வின்ஸ்லோ. தமிழ் அகராதியால் நாம் அறிகிற மிரன் வின்ஸ்லோவின் மனைவி. அவர் 1833 இல் இறந்துபோக, மிஷனரிகளான ஸ்போல்டிங் தம்பதி பொறுப்பேற்றார்கள். அவர்களோடு வந்து சேர்ந்தவர்தான் அக்னியூ.

பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பதற்குத் தாய் தகப்பனைச் சம்மதிக்க வைப்பது அந்தக் காலத்தில் லேசான காரியமல்ல. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணை யார் கட்டுவான் என்பதுதான் ஊர்க் கேள்வி. மிஷன் சாப்பாடு கொடுத்தது, உடுப்புக் கொடுத்தது. படிப்பை முடித்துக் கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டும் பெண்ணுக்குச் சீதனமாகவும் ஒரு தொகை கொடுத்தது. யாழ்ப்பாணத்தானின் மனம் எங்கே இளகும் என்று அவர்களுக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளரின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கமும் இருந்தது. தாய் ஆசையாக வைத்த பெயர் போய் எங்கோ இருந்த ஒரு சீமாட்டியின் பெயர் வந்தது. இதை நான் மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. மதம் மாற்றுவதுதான் அந்தப் பாடசாலையின் நோக்கம். அக்னியூவும் அதை ஒளிக்கவில்லை. அவரிடம் படித்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் 600 க்கும் அதிகமானோர் கிறிஸ்தவர்கள் ஆனார்கள் என்று அவரோடு வாழ்ந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது இந்த அலைக்கு எதிராகத்தான். அந்த எதிர்ப்பு நியாயமானது. நாவலர் மறைந்த 1879 ஆம் ஆண்டில்தான் அக்னியூவும் பாடசாலைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். ஒருவரையொருவர் ஒருபோதும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் உடுவில் முந்திக்கொண்டது: படித்த பெண் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்பதை யாழ்ப்பாணம் கண்ணால் கண்டது. பின்னர் சைவப் பெண்களுக்கென்று பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் கல்லூரி அமைத்தபோது, பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட குரல் வலிகாமத்தில் ஏற்கெனவே பாதி அடங்கியிருந்தது. உடுவிலிலிருந்து மருதனார்மடம் நடந்து போகிற தூரம்தான்.

அக்னியூவின் வாழ்க்கையில் பெரிய சம்பவங்கள் என்று எதுவும் இல்லை. எனக்குப் பிடித்ததே அதுதான். 1855 இல் பொஸ்ரனிலுள்ள மிஷன் தலைமையகத்திலிருந்து வந்த ஆணைக்குழு வட்டுக்கோட்டை செமினரியை மூடியது, உடுவிலில் ஆங்கிலப் படிப்பையும் நிறுத்தியது. அவர் தமிழில் தொடர்ந்து படிப்பித்தார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்து போனது. அவர் உடுவிலில் இருந்தார். கூட வந்தவர்கள் இறந்தார்கள், சிலர் ஊர் திரும்பினார்கள். அவர் இருந்தார். பாடசாலை விடுமுறை வந்தால், கலியாணம் கட்டிப் போன பழைய மாணவிகளின் வீடுகளைத் தேடி ஊர் ஊராகப் போவார். பிள்ளை பிறந்த வீடு, நோயாளி கிடக்கும் வீடு, செத்த வீடு. எந்தப் படலையைத் திறந்தாலும் உள்ளே தனக்குத் தெரிந்த ஒரு பெண் இருந்தாள். ஆயிரம் மகள்களின் தாய் என்று அவரை அழைத்தார்கள். கலியாணம் கட்டாதவருக்கு அப்படி ஒரு பெயர்.

ஏன் ஒரு தடவையாவது ஊருக்குப் போய் வரவில்லை என்று கேட்டவர்களிடம், தனக்கு நேரமில்லை, வேலை இருக்கிறது என்றுதான் சொன்னாராம்.

ஒரு நாள் கருவாடு காயப் போட்டுக்கொண்டே இதை மாமியிடம் சொன்னேன். மாமி இந்தக் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். கேட்டுவிட்டு, "அந்த மனுசிக்கு ஊர் ஞாபகம் வராதா புள்ள?" என்று கேட்டார். வந்திருக்கும் மாமி, சொல்லியிருக்க மாட்டா என்றேன். "சொல்லாட்டி நெஞ்சு வெடிச்சிரும்" என்றார். மாமி சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். அக்னியூவின் வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லாரும் அவருடைய தியாகத்தை எழுதினார்கள். ஒரு பனிக்காலத்துக்கு, தன் வயதுத் தோழி ஒருத்திக்கு, தாயின் கல்லறைக்கு அவர் ஏங்கினாரா என்று எவரும் எழுதவில்லை.

நான் ஏங்குகிறேன், அதை மறைக்கவுமில்லை. 1995 ஒக்டோபர் 30 இல், போரினால், வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்து தெருவுக்கு வந்தபோது நாங்களும் வந்தோம். நாவற்குழிப் பாலத்தில் நெருக்கியடித்து நின்ற அந்தச் சனத்துக்குள் உடுவிலில் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள். பெரும்பாலானோர் அடுத்த வருடம் திரும்பினார்கள். நாங்கள் திரும்பவில்லை. வன்னி, மன்னார், பிறகு புத்தளம். அதற்கு ஐந்து வருடம் முன்பு, அதே ஒக்டோபர் மாதத்தில், வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் வந்து இறங்கியதும் இந்தப் புத்தளம் மாவட்டத்தில்தான். கற்பிட்டிப் பேருந்தில் என் பக்கத்தில் உட்காரும் ஓர் அக்கா யாழ்ப்பாணத்து ஒஸ்மானியா வீதியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இறங்கும் இடம் இரண்டு பேருக்கும் மறந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொல்லப்பட்டவர்கள் அவர்கள். எங்கள் ஏக்கத்தைச் சொல்லும்போது அவர்களுடையதைச் சொல்லாமல் விடுவது அநியாயம்.

உடுவிலில் எனக்குப் பறிபோனது அந்தத் தொடர்ச்சிதான். வகுப்பில் ஆசிரியை பெயர் கூப்பிடும்போது, "நீ இன்னாருடைய மகள்தானே, கொம்மாவும் கணக்கில் இப்படித்தான்" என்பார். அந்தப் பேச்சு அப்போது எரிச்சல் மூட்டும். இன்றைக்கு அப்படிச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும் என்றிருக்கிறது. பாட்டி, தாய், மகள் மூவரையும் தெரிந்த ஓர் ஆள் ஊரில் இருந்தால், ஒரு குடும்பத்தின் கதை வீட்டுக்கு வெளியேயும் பத்திரமாக இருக்கும். அக்னியூ ஏறத்தாழ 40 வருடம் ஒரே இடத்தில் இருந்து செய்த பெரிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன். பாடம் சொல்லிக் கொடுக்க வேறு பலரும் இருந்தார்கள்.

இந்தக் கரையில் அந்தத் தொடர்ச்சி வேறு விதமாக அறுந்திருக்கிறது. பாட்டி தமிழில் செபமாலை சொல்ல, பேரப்பிள்ளை சிங்களத்தில் பதில் சொல்லும் வீடுகள் இங்கே உண்டு. அன்பு குறையவில்லை, ஆனால் பாட்டி சொல்லும் கதையில் பாதி பேரப்பிள்ளைக்குப் போய்ச் சேர்வதில்லை.

இன்னொரு செய்தியும் என்னைத் தொட்டது. அக்னியூ பிறந்த அதே 1807 இல்தான் கற்பிட்டியில் சைமன் காசிச்செட்டி பிறந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘தமிழ் புளூராக்’ 1859 இல் யாழ்ப்பாணத்தில்தான் அச்சானது. அக்னியூ அப்போது உடுவிலில் படிப்பித்துக்கொண்டிருந்தார். அந்த நூலில் ஔவையாருக்கு இடம் உண்டு. பாட்டு எழுதாத பெண்களுக்கு, எழுத்துச் சொல்லிக் கொடுத்த பெண்களுக்கு, அப்படி ஒரு புத்தகம் நம்மிடம் இன்னும் இல்லை. அக்னியூவைப் பற்றி நமக்குத் தெரிவதற்குக் காரணம், கடைசிக் காலத்தில் அவரை மானிப்பாயில் வைத்துப் பராமரித்த மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் எழுதி வைத்ததுதான். அவரிடம் படித்துக் கிராமப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியைகளாகப் போன தமிழ்ப் பெண்களைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் எழுதவில்லை. அவர்களும் முன்னோடிகள்தான். ஊர் வாயை அடக்கியவர்கள் உண்மையில் அவர்கள்.

உடுவில் மகளிர் கல்லூரிக்கு 2024 இல் 200 வயதானது. அதைக் கொண்டாட ஆட்கள் இருக்கிறார்கள், எழுத்தும் இருக்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்டக்குழியிலோ தலவிலவிலோ முகத்துவாரத்திலோ உங்கள் வீட்டில் வயதான பெண் ஒருவர் இருந்தால், அவருக்கு முதன்முதலில் "அ" எழுதக் காட்டிய ஆசிரியையின் பெயரைக் கேளுங்கள். அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எங்கே தங்கினார், எத்தனை வருடம் இருந்தார் என்று கேட்டு எழுதி வையுங்கள். பழைய பாடசாலை லொக் புத்தகம் எங்காவது அலுமாரியில் கிடந்தால், கறையான் அரிப்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பெயர் மட்டும் கிடைத்தாலும் பரவாயில்லை, அதையும் எழுதுங்கள்.