ஏறிய கிரேன் எப்படி இறங்கும்?

நாற்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு டவர் கிரேன் நிற்கிறது. கட்டடத்துக்கு வேண்டியதையெல்லாம் தூக்கிக் கொடுத்தது அதுதான். சரி, அதை யார் அங்கே தூக்கி வைத்தார்கள்? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து, எந்த ஊருக்குப் போனாலும் கண் மேலேதான் போகிறது.

யாரும் தூக்கி வைப்பதில்லை. முதலில் ஒரு மொபைல் கிரேன் வந்து, தரைக்குச் சற்று மேலே, தனக்கு எட்டும் உயரத்தில் அதை நிறுத்திவிட்டுப் போய்விடும். அதற்குமேல் டவர் கிரேன் தானாக வளர்கிறது. அதன் கம்பத்தை, அதாவது மாஸ்டை, சட்டை போட்டதுபோல் ஓர் இரும்புக் கூடு சுற்றி நிற்கும். புதிய மாஸ்ட் துண்டு ஒன்றைக் கிரேன் தன் கொக்கியாலேயே தரையிலிருந்து எடுத்து அந்தக் கூட்டின் வாசலில் தொங்கவிடுகிறது. பிறகு நீண்ட கையின் பாரமும் பின்பக்கத்துக் கான்கிரீட் கட்டைகளின் பாரமும் சமமாகும்படி நிறுத்துகிறார்கள். தலைப்பகுதியை மாஸ்டோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுகிறார்கள். கூட்டிலிருக்கும் ஹைட்ராலிக் ஜாக்கி தலை முழுவதையும் மெல்ல மேலே தள்ளுகிறது. கீழே உண்டான இடைவெளிக்குள் புதிய துண்டை நகர்த்திப் போல்ட் போடுகிறார்கள். அந்த நேரம் முழுக்கக் கிரேன் ஒரு பக்கமும் திரும்பக் கூடாது. காற்று பலமாக வீசினால் வேலையைத் தொடங்கவே மாட்டார்கள். ஆபத்து மிகுந்த அந்த நேரத்தில் அங்கே நிற்பவர்களின் பொறுமை எனக்கு எப்போதும் வியப்பு.

கட்டடத்துக்கு வெளியே நிற்கும் கிரேன் ஏறிய வழியிலேயே ஒவ்வொரு துண்டாக இறங்கிவிடும். லிஃப்ட் குழிக்குள் நின்று மாடிகளோடு மாடியாக ஏறிப்போன கிரேனுக்கு அந்த வழி இல்லை. அதனால் அது தன் கடைசி வேலையாக ஒரு சிறிய கிரேனை மேலே தூக்கி வைக்கிறது. சிறியது பெரியதைப் பிரித்துக் கீழே அனுப்புகிறது. பிறகு அதைவிடச் சிறியது ஒன்று மேலே வந்து, முன்னதைப் பிரித்து அனுப்புகிறது. கடைசியில் மிஞ்சுவதை ஆட்கள் கையால் கழற்றி லிஃப்டில் எடுத்துவந்துவிடுவார்கள். இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவு அழகான ஏற்பாடு.

தெருவில் நாம் அடிக்கடி பார்ப்பது ஹைட்ரா என்கிற சிறிய மொபைல் கிரேன். பாரத்தைக் கொக்கியில் தொங்கவிட்டபடியே நடந்துபோவது அதற்குப் பழக்கம். பெரிய மொபைல் கிரேன் அப்படியில்லை. நான்கு கால்களையும் அகல விரித்து, அவற்றின் அடியில் மரக்கட்டை கொடுத்த பிறகே கையை நீட்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளை நிறுத்துவதற்குச் சங்கிலிச் சக்கரத்தில் ஊரும் கிராலர் கிரேன் வேண்டும். நெருக்கடியான நகரங்களில் கையை மேலே மடக்கிக்கொள்ளும் டவர் கிரேனைப் பார்க்கலாம். அதற்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. 1987-இல் லண்டனில் ஒரு வழக்கு. கட்டுமானக் கிரேனின் கை அனுமதியில்லாமல் தங்கள் நிலத்துக்கு மேலே சுற்றுகிறது என்று பக்கத்து நிலக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சேதம் எதுவும் ஆகாவிட்டாலும் அது அத்துமீறல்தான் என்று நீதிபதி தடை விதித்தார். கையை மடக்கினால் அடுத்தவர் ஆகாயத்துக்குள் போகாமல் வேலை பார்க்கலாம்.

ஆனால் கிரேன் என்றதும் என் மனம் போய் நிற்கிற இடம் ஜெர்மனியின் கொலோன். அங்கே பேராலயத்துக்கு 1248-இல் அடிக்கல் நாட்டினார்கள். தெற்குக் கோபுரம் ஐம்பத்தைந்து மீட்டரைத் தாண்டியதோடு நின்றுவிட்டது. பணம் வற்றியது, ஆர்வமும் வற்றியது. பதினாறாம் நூற்றாண்டில் வேலையே ஓய்ந்தது. கோபுரத்தின் தலையில் நின்ற மரக் கிரேனை மட்டும் யாரும் இறக்கவில்லை. ஹான்ஸ் மெம்லிங் 1489-இல் முடித்த புனித ஊர்சுலா பேழையில், பின்னணியாக வரும் கொலோன் நகரத்தில் அந்தக் கிரேன் நிற்கிறது. 1531-இல் ஆன்டன் வோன்சாம் செதுக்கிய பெரிய நகரக் காட்சியிலும் நிற்கிறது. அந்த ஊரில் பிறந்த குழந்தை அதைப் பார்த்து வளர்ந்து, கிழமாகி, இறந்து, அதன் பேரனும் அதையே பார்த்தான். பாதியில் நின்ற கோயிலும் அதன்மேல் கை நீட்டிய மரக் கிரேனும் ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டன.

அதை இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. கிரேன் இல்லாத அரைக் கோபுரம் வெறும் இடிபாடுதான். கிரேன் நின்றால், வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்று பொருள். 1842-இல் மறுபடி வேலையைத் தொடங்கினார்கள். பழைய கிரேனை 1868-இல் எடுத்தார்கள். ஏறத்தாழ 400 ஆண்டுகள் அது அங்கே இருந்திருக்கிறது. 1880-இல் 157 மீட்டர் உயரத்தில் கோபுரங்கள் முடிந்தபோது உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். அந்த ஊர் மக்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

எல்லாக் கிரேனுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. சுவீடனின் மால்மோ நகரத்தில், கோக்கும்ஸ் கப்பல் தளத்தில் 138 மீட்டர் உயரத்துக்கு ஒரு கேன்ட்ரி கிரேன் இருந்தது. 1,500 டன் தூக்கும். கப்பல் தொழில் நொடித்தது. ஓரசுண்ட் பாலத்தின் தூண்களுக்கு அடித்தளம் தூக்கியதுதான் மால்மோவில் அதன் கடைசி வேலை. 2002-இல் கொரியாவின் ஹுண்டாய் நிறுவனம் அதை ஒரே ஒரு டாலருக்கு வாங்கி, பிரித்து, கப்பலேற்றி உல்சானுக்குக் கொண்டுபோனது. கொரியாவில் அதை ‘மால்மோவின் கண்ணீர்’ என்கிறார்கள். உல்சானில் அது மறுபடி வேலைக்குப் போனது.

கொலோன் கிரேனுக்கு இயந்திரம் கிடையாது. பெரிய மரச் சக்கரத்துக்குள் ஆட்கள் நடப்பார்கள். சக்கரம் சுழலும், கயிறு சுருளும், கல் ஏறும். போலந்தின் கிடான்ஸ்க் துறைமுகத்தில் 1440-களில் கட்டிய கிரேனில் இதே ஏற்பாட்டை இன்றும் பார்க்கலாம். போரில் எரிந்த அதைத் திரும்பக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். கப்பலுக்குப் பாய்மரம் நடுவதும் அந்த நடையால்தான் நடந்தது. உள்ளே நடந்தவர்களின் பெயர்களைத் தேடினால் கிடைப்பதில்லை.

இன்று அந்த இடத்தில் இருப்பவர் ஆபரேட்டர். எங்கள் பகுதியில் எழும்பும் ஓர் அடுக்குமாடியில் காலையில் அவர் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். தோளில் பை, பையில் தண்ணீர் பாட்டில். மாஸ்டுக்குள்ளேயே செங்குத்தான இரும்பு ஏணி. நடுநடுவே ஒரு தட்டு. அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த ஏணியைப் பிடிக்கிறார். மதியச் சாப்பாடு கயிற்றில் போகிறது. மாலைவரை அவர் இறங்குவதில்லை. கான்கிரீட் பக்கெட் காற்றில் ஊசலாடும்போது, அது போகும் பக்கமே கிரேன் கையில் ஓடும் டிராலியைச் சற்று ஓட்டி, பக்கெட்டின் தலைக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துவார். ஆட்டம் சட்டென்று அடங்கும். கீழே கை நீட்டி நிற்கும், பாரத்தைப் பிணைத்து அவிழ்க்கும் ரிக்கரின் விரல்கள் அந்த ஒரு நொடியை நம்பி இருக்கின்றன. வேலை முடிந்ததும் கிரேனைத் திரும்பவிடாமல் பிடித்திருக்கும் பிரேக்கை விடுவித்துவிட்டு இறங்குவார். இரவெல்லாம் கிரேன் காற்றின் போக்கில் திரும்பிக்கொள்ளும், காற்றை எதிர்த்து நின்றால் சாய்ந்துவிடக்கூடும் என்பதால்.

இரும்புத் தலையை ஏற்ற ஹைட்ராலிக் ஜாக்கி வைத்தவர்கள், மனிதர் ஏற ஏணிதான் வைத்தார்கள். மாஸ்டை ஒட்டி ஆபரேட்டரை ஏற்றி இறக்கும் சிறிய லிஃப்ட் இப்போது விற்பனைக்கு உண்டு. வெளிநாடுகளில் பல இடங்களில் பொருத்துகிறார்கள். சித்திரை வெயிலில் சுடும் ஏணியைப் பிடித்து ஏறுகிறவருக்கு அது சொகுசு அல்ல. உயரமான கட்டடம் எழுப்புகிற ஒவ்வொரு கட்டுநரும் அதைச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். வீடு வாங்கப்போகும் நீங்களும் மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போது, குளியலறை டைல்ஸைப் பற்றிக் கேட்பதோடு, உங்கள் கிரேன் ஆபரேட்டர் மேலே எப்படிப் போகிறார் என்றும் கேளுங்கள்.