ஸ்கேலுக்கு அகப்படாத கொழுப்பு

பாஸ்டன் சைனாடவுனில் ரயிலை விட்டு இறங்கினேன். டிக்கெட் 2.40 டாலர். கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் வறுத்த வாத்துகளைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் டஃப்ட்ஸ் மருத்துவப் பள்ளி. லூயிஸ் கேன்ட்லி குழு 1988-இல் புதுக் கொழுப்பு ஒன்றை அறிவித்தது இங்கிருந்துதான். அதைக் கண்ணால் பார்க்க ஆசை. பழைய முறையிலேயே செய்து காட்ட அக்கம்பக்கத்து ஆய்வகம் ஒன்று சம்மதித்திருந்தது.

மேசையில் விரல் தடிமனுக்கு அக்ரிலிக் தடுப்பு. பின்னால் கதிரியக்கப் பாஸ்பரஸ்-32. கைகர் கருவி ஓயாமல் படபடத்தது. குழாய்களில் சுண்டெலிச் செல்களின் சாறு. அவற்றுக்குள் பாலியோமா வைரஸின் ‘மிடில் டி’ புரதம். போலியோ அல்ல, இது எலிக்குக் கட்டி வரவழைக்கிற வைரஸ். 421 அமினோ அமில நீளமுள்ள அந்தப் புரதத்துக்குச் சொந்தமாக நொதி வேலை எதுவும் தெரியாது. சரியான தரகர். செல்லின் ‘சார்க்’ நொதியைப் பிடித்துத் தன் மேலேயே பாஸ்பேட் ஒட்டவைத்துக்கொள்ளும். 315-ஆம் இடத்தில் ஒட்டியதும், கொழுப்புக்குப் பாஸ்பேட் சேர்க்கும் இன்னொரு நொதி வந்து உட்காரும்.

பிரித்தெடுத்த புரதத்தோடு கொழுப்பையும் அந்தக் கதிரியக்கப் பாஸ்பரஸையும் கலந்து பத்து நிமிடம். அமிலம் விட்டு நிறுத்தி, குளோரோஃபார்மில் இறக்கி, சிலிக்கா தட்டில் சொட்டுச் சொட்டாக வைத்து ஓடவிட்டார் ஆய்வாளர். தட்டின் மேல் வைத்த பிலிம் இரவெல்லாம் உறைபெட்டியில். மறுநாள் எனக்கு இன்னொரு 2.40.

மிடில் டி வரிசையில் மிளகளவு கறுப்புப் புள்ளி. 315-ஆம் இடத்தை மாற்றிய புரதத்தின் வரிசை ஏறக்குறைய வெறுமை. “இதுதான் புதுசு” என்றார். பக்கத்திலேயே, முன்பே தெரிந்த 4-பாஸ்பேட் கொழுப்பையும் ஓடவிட்டிருந்தார். ஸ்கேல் வைத்தேன். அதே உயரம்! எது புதுசு?

சிரித்தார். 1985-இல் மிடில் டி-யோடு இந்த நொதி வேலை ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டவர்களையும் தட்டு இப்படித்தான் ஏமாற்றியதாம். கொழுப்பு வாலை வெட்டி, தலையை மட்டும் வேறொரு கருவியில் செலுத்தினார். திரையில் இரண்டு மேடு. மிடில் டி-யுடையது ஒரு நூலளவு முந்தி நின்றது. தலையிலுள்ள இனோசிட்டால் வளையத்தின் 4-ஆம் இடத்தில் அல்ல, 3-ஆம் இடத்தில் பாஸ்பேட். செல்லுக்குள் இதே நொதி உண்டாக்கும் மூன்று பாஸ்பேட் கொண்ட கொழுப்புதான் சவ்வுக்கு ‘ஏகேடி’ புரதத்தை வரவழைத்து, சாகாதே, வளர் என்று கிளப்பிவிடுகிறது. வைரஸே இல்லாத மனிதக் கட்டிகள் பலவற்றில் இந்த நொதியின் மரபணுவே திரிந்திருக்கிறது. 2019-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற ஆல்பெலிசிப் மருந்து இந்த நொதியைத்தான் அடக்குகிறது.

பிலிமைக் கேட்டேன்; நகல்தான் கிடைத்தது. வாத்துக் கடையில் உட்கார்ந்து மறுபடி ஸ்கேல் வைத்தேன். அதே உயரம்தான்.