அப்பாவின் சேமநிதியும் ஓர் இரவு வாடகையும்

விற்பனைக் கூடத்தில் கொடுத்த காப்பி ஆறுவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். கோலாலம்பூரில் 420 சதுர அடி ஸ்டூடியோ வீடு. விலை 450,000 ரிங்கிட். “சுற்றுப்பயணிகளுக்கு விடுங்கள். ஓர் இரவுக்கு 180, மாதம் 5,400. தவணை போக மீதியும் நிற்கும்” என்றார் முகவர்.

முன்பணம் 45,000 என்னிடம் இல்லை. அப்பா 55 வயதில் எடுத்து, தொடாமல் வைத்திருந்த ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கேட்டேன். கொடுத்தார். “வாடகைக்கு விடுறது வேறம்மா, வர்றவங்க போறவங்களுக்கு விடுறது வேற. பார்த்துக்கோ” என்று மட்டும் சொன்னார்.

சாவி கிடைத்து விருந்தினர் வரத் தொடங்கிய முதல் மாதமே அது புரிந்தது. 15 இரவுகள்தான் ஆள் தங்கினார்கள். வந்தது 2,700. முன்பதிவுத் தளத்துக்கும் விருந்தினரைக் கவனிக்கும் நிறுவனத்துக்கும் 810. எட்டு முறை சுத்தம் செய்ய 400. மின்சாரம், இணையம் 250. பராமரிப்புக் கட்டணம் 200. மிஞ்சியது 1,040, வங்கித் தவணையோ 1,870.

அக்கம்பக்கத்தாரும் குறைப்பட்டார்கள். நள்ளிரவில் பெட்டி உருளும் சத்தம், மின்தூக்கியில் தினமும் புது முகம். ஆண்டுக் கூட்டத்தில் குறுகிய காலத் தங்கலுக்குத் தடை வந்தது. என் வீடு, என் கடன், இவர்கள் யார் என்று கோபப்பட்டேன். மோன்ட் கியாராவில் எழுந்த இதே தகராறு கூட்டரசு நீதிமன்றம்வரை போய், நிர்வாகக் கழகம் இப்படித் தடை விதிக்கலாம் என்று 2020இல் தீர்ப்பானது பிறகுதான் தெரிந்தது. யோசித்தால், அம்மா தனியாக இருக்கும் மாடியில் தினமும் அந்நியர் வந்துபோனால் நானும் தடைக்குத்தான் கை தூக்கியிருப்பேன்.

கேஎல்ஐஏ விமான நிலையத்தின் 2ஆம் முனையத்தில் கேப்சூல் விடுதி இருக்கிறது. படுக்கையை மணிக்கணக்கில் விற்கிறார்கள். ஒரே படுக்கையை ஒரே நாளில் இரண்டு மூன்று பேருக்குக் கொடுக்கலாம். களைத்த பயணிகள் வாசலிலேயே நிற்கிறார்கள். சிறிய அறை சம்பாதிப்பது அப்படித்தான். நான் வாங்கியது அறையை மட்டும். அந்தத் தொழிலை அல்ல.

இப்போது ஒரு தாதி மாத வாடகைக்கு இருக்கிறார். 1,700 தருகிறார். தவணைக்கும் பராமரிப்புக்கும் மாதம் 370 என் சம்பளத்திலிருந்து போகிறது.

வாங்க நினைக்கும் இளையோர் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தக் கட்டடத்தின் கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பையும் வீட்டு விதிகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பிறகு, மாதம் பத்து இரவு மட்டும் நிரம்பினால் தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போடுங்கள். முகவர் 30 இரவுக்குத்தான் கணக்குச் சொல்வார்.

அப்பாவுக்கு மாதம் 300 திருப்பித் தருகிறேன். முழுவதும் அடைய பன்னிரண்டரை ஆண்டாகும். வேண்டாம் என்றுதான் சொல்கிறார். ஆனால் மாதம் பிறந்ததும் வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார் என்று அம்மா சொல்கிறார்.